மூன்றாம் வட்டத்தின் கணக்கு

பரப்பளவு என்ற கட்டத்தில் நான்கு இலக்கம்.
ஆட்கள் என்ற கட்டத்தில் மூன்று,
அதுவும் நூற்றுக்கு மேல் ஏழே ஏழு.
ஒட்டகத்தை எழுத மட்டும்
கட்டம் போதாமல் ஓரத்துக்குப் போவேன்.

கோபியின் தென்கோடியில் ஷர்-உஸ் மாவட்டம்.
அதன் மூன்றாம் வட்டத்துக்கு நான் அதிகாரி.
அலுவலகம் என்று சொன்னால் என் மோட்டார் சைக்கிள்.
முத்திரையும் மைப்பெட்டியும்
உள்சட்டைக்குள், நெஞ்சை ஒட்டி;
வெளியே வைத்தால் மை உறைந்துவிடும்.
பக்கத்து வீடு என்பது
காற்றில்லாத நாளில் தெரியும் புகை.

எல்லையைச் சொல்கிறேன், கேளுங்கள்.
'ஏழாம் எண் கிணற்றிலிருந்து
செம்மேட்டின் உச்சி வரை நேர்கோடு'
என்கிறது அரசாணை.
கிணறு தூர்ந்து பதினோரு வருடம் ஆகிறது.
செம்மேடோ மணல்.
போன வசந்தத்தின் புயலில்
நாற்பதடி தெற்கே போய் உட்கார்ந்துகொண்டது,
யாருக்கும் விண்ணப்பிக்காமல்.
கோடு போட்டவர் தலைநகரில் இருந்தார்.
நல்ல அடிமட்டம் வைத்திருந்திருப்பார்.

அக்டோபர் கடைசியில் ஷராவ் இறந்தார்.
வழிதவறிய ஒட்டகத்தைத் தேடிப் போனவர்,
ஸாக் மரமொன்றில் சாய்ந்து,
கையில் மூக்கணாங்கயிறோடு.
எல்லைச் சாவடிக்குப் போகும்
நிலக்கரி லாரிக்காரன் பார்த்துச் சொன்னான்.

படிவத்தில் ஒரு வரி: இறந்த இடம்.
இரண்டாம் வட்டத்திலிருந்து தெல்கெர்மா வந்தாள்,
அவள் ஜீப்பில், அவள் ஜி.பி.எஸ். கருவியோடு.
உன் பக்கம் என்றது அவளுடையது.
என்னுடையது, அவள் பக்கம் என்றது.
ஐந்து மீட்டர் முன்பின் இருக்கலாமென்று
இரண்டின் பெட்டியிலும் அச்சடித்திருக்கிறது.
ஷராவ் அந்த ஐந்து மீட்டருக்குள்தான்
கால் நீட்டியிருந்தார்.

ஜீப்பின் சூடான முகப்பில் பதிவேடுகளை விரித்தோம்.
உப்புத் தேநீர் ஊற்றினாள்.
என் ஏட்டில் பதினான்காம் பக்கம்: ஷராவ்.
அவள் ஏட்டில் ஒன்பதாம் பக்கம்.
அதே ஷராவ், அதே பிறந்த தேதி,
அதே இடது காதுக் கேளாமை.
குளிர்காலத்தில் என் வட்டம், கோடையில் அவள் வட்டம்.
இருபத்திரண்டு வருடம்
இரண்டு பேரும் அவரை எண்ணியிருக்கிறோம்.
தடுப்பூசி மருந்து இரண்டு பங்கு வந்திருக்கிறது.
வேண்டாமென்று அவரும் சொல்லவில்லை.

தெல்கெர்மாதான் முதலில் சிரித்தாள்.
அப்புறம் போர்வையை இழுத்து
அவர் பாதங்களை மூடினாள்.
காற்று ஏட்டைப் புரட்டப் பார்த்தது.
ஆளுக்கொரு சிவப்புக் கோடு இழுத்தோம்.

அன்று இறந்தது ஒருவர்.
ஷர்-உஸ்ஸில் இரண்டு பேர் குறைந்தார்கள்.

மாகாணத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
'ஒரு மரணம், இரு கழித்தல்.
பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக.'
கடிதம் எண்ணெய் லாரியில் ஏறி
இங்கே வந்து சேரவே இருபது நாள்.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.
அவர் கூடாரம் நின்ற இடத்துக்குப் போனேன்.
புல் முளைக்காத வெளுத்த வட்டம் ஒன்று,
நடுவே அடுப்புக் கரி.
கோட்டுக்கு அப்பால், ஓடை மணலில்,
கோடைக்காலத்து வட்டம் இன்னொன்று.
இரண்டுக்கும் அதிகாரி கிடையாது.
இடையில் அவர் தடம் என்று ஏதுமில்லை;
ஒட்டகம் போன வழியே போயிருக்கிறார்,
ஒட்டகம் புல் இருந்த வழியே.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மிச்சம் அவருடைய ஒட்டகங்கள், முப்பத்தொன்று.
தேடிப் போன அந்த ஒன்று
தானே திரும்பி வந்துவிட்டது.
உன் பக்கம் மேய்கின்றன என்று
தெல்கெர்மா செய்தி அனுப்பியிருக்கிறாள்.
காலையில் நான் பார்த்தபோது
அவள் பக்கம்தான் நின்றன.
வருடம் முடியுமுன் கால்நடைக் கணக்கு
போய்ச் சேர்ந்தாக வேண்டும்.
வண்டியை உதைக்கிறேன், மூன்றாம் உதையில் பிடிக்கிறது.
மை நெஞ்சருகே இன்னும் இளகித்தான் இருக்கிறது.